லாம்பெத்தின் அடுப்படியும் மாஸ்கோவின் அலுவலகங்களும்: ஃபேபியன் சங்கம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அரசுக் கொள்கைகளை ஆராயும் ஒரு முற்போக்குச் சிந்தனைக் குழாத்திடம் அதன் நோக்கத்தையும் விழுமியங்களையும் கேட்டால், பெரும்பாலும் ஒரு பக்கத் தாள் கையில் கிடைக்கும். சமத்துவம், நீதி, மனித கண்ணியம், ஆதாரங்களின் மேல் நிற்கும் கொள்கை. எந்த அமைப்பை எடுத்தாலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். அவற்றை நானும் நம்புகிறேன். ஆனால் ஓர் அமைப்பு அவற்றை எந்த அளவுக்கு நம்புகிறது என்பது அந்தத் தாளில் தெரியாது. தகவல் திரட்ட யார் வீட்டு வாசலுக்குப் போகிறது, யார் பணத்தில் நடக்கிறது, தன் ஆட்களுக்கே கசக்கும் உண்மை வந்தால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு லண்டனின் ஃபேபியன் சங்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இந்த வகை அமைப்புகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று அது. பிரிட்டனின் மக்கள்நல அரசு உருவானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மன்னிக்கவே முடியாத ஒரு தவறும் அதன் முன்னோடிகளின் கணக்கில் இருக்கிறது. சரியாகக் கணித்ததும் படுமோசமாகத் தவறியதும் ஒரே வட்டத்து ஆட்கள் என்பதால்தான் இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தொடக்கம்

1884 ஜனவரி 4 அன்று லண்டனில் நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் கூடி இந்தச் சங்கத்தை அமைத்தது. ஹனிபாலோடு நேருக்கு நேர் மோதாமல், காத்திருந்து அவன் படையைக் களைப்படையச் செய்த ரோமானியத் தளபதி ஃபேபியஸின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். புரட்சி வேண்டாம், சட்டம் சட்டமாக மாற்றிக்கொண்டு போகலாம் என்பது அவர்கள் வழி. அதே ஆண்டு வெளிவந்த முதல் துண்டறிக்கை நான்கே பக்கம். மிகப் பலர் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்பதே அதன் தலைப்புக் கேள்வி.

பெர்னார்ட் ஷா அதே ஆண்டிலும், சிட்னி வெப் அடுத்த ஆண்டிலும் சேர்ந்தார்கள். வெப் அப்போது அரசு அலுவலகத்தில் எழுத்தர். 1887-ல் அவர் எழுதிய வெளியீடுதான் சங்கத்தின் வேலைமுறையை நிலைநிறுத்தியது என்று சொல்வேன். நாட்டு வருமானத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை அரசுப் புள்ளிவிவரங்களிலிருந்தும், மரியாதைக்குரிய பொருளியல் அறிஞர்களின் எழுத்திலிருந்தும் எடுத்து அடுக்கினார். ஆவேசப் பேச்சு ஏதும் இல்லை. எண்கள் எதிர்த் தரப்பு மதிக்கும் இடங்களிலிருந்து வந்தவை, ஆகவே எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 1889-ல் வந்த ஃபேபியன் கட்டுரைத் தொகுப்பின் ஏழு ஆசிரியர்களில் ஒருவர், பின்னாளில் அடையாறு வழியாக நமக்குத் தெரியவந்த அன்னி பெசன்ட்.

இருபதாயிரம் பவுண்டு

1894-ல் சங்கத்தின் உறுப்பினரான ஹென்றி ஹண்ட் ஹட்சின்சன் என்ற வழக்கறிஞர் இறந்தபோது, ஏறத்தாழ 20,000 பவுண்டை எழுதிவைத்திருந்தார். சங்கத்தின் பிரச்சாரத்துக்கும் பிற நோக்கங்களுக்கும் என்று உயில் சொன்னது. அந்தக் காலத்தில் அது கொழுத்த தொகை. அதை வைத்துத் துண்டறிக்கை அடிக்கலாம், பேச்சாளர்களை ஊர் ஊராக அனுப்பலாம், தேர்தலில் ஆள் நிறுத்தலாம். வெப் அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1895-ல் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் (எல்.எஸ்.இ.) அப்படிப் பிறந்ததுதான்.

ஷாவுக்கு இதில் கோபம். பின்னாளில் பிரதமரான ராம்சே மெக்டொனால்டும் எதிர்த்தார். சோஷலிசத்துக்குக் கொடுத்த பணம் சோஷலிசத்துக்குத்தானே போக வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கொடுத்தவர் உயிரோடு இல்லை என்பதால் அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடுகிறது. சட்டப்படி சரியா என்று வெப் வழக்கறிஞர் ஹால்டேனிடம் கருத்துக் கேட்டார். நீங்கள் இன்னமும் சோஷலிஸ்ட்தானா என்று ஹால்டேன் கேட்டாராம். ஆம் என்றார் வெப். சமூக நிலைமைகளைப் பாரபட்சமில்லாமல் ஆராய ஆராய சோஷலிசத்தின் பக்கம் வலுக்கும் என்று நம்புகிறீர்களா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஆம். அப்படியானால் தாராளமாகச் செய்யுங்கள் என்றாராம்.

ஒரு முற்போக்கு ஆய்வு அமைப்பின் உயிர்நாடி இந்த இரண்டாவது பதிலில் இருக்கிறது. என் விழுமியம் எனக்கு உண்டு, ஆனால் ஆய்வின் முடிவை நான் முன்கூட்டியே எழுதிவைக்க மாட்டேன், உண்மை வெளிவந்தால் என் பக்கம் தோற்காது என்ற துணிவு அது. அந்தப் பதிலுக்கு ஒரு விலையும் இருந்தது. சோஷலிசத் திட்டமிடலை மிகக் கடுமையாக எதிர்த்த ஃப்ரீட்ரிக் ஹாயக் 1931 முதல் பேராசிரியராக இருந்தது அதே எல்.எஸ்.இ.-யில்தான். தன் பணத்தில் எழுந்த கட்டடத்தில் தன் எதிராளிக்கு நாற்காலி போட முடிகிறதா என்பதைவிட நேர்மையான சோதனை ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

லாம்பெத்தின் கணக்கு நோட்டுகள்

1908-ல் சங்கத்துக்குள்ளேயே பெண்கள் குழு ஒன்று உருவானது. அதன் முன்னணியில் இருந்த மாட் பெம்பர் ரீவ்ஸ் நியூசிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். அந்தக் காலத்தில் பிரிட்டனின் ஏழைத் தெருக்களில் கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. தாய்மார்களுக்கு விவரம் போதாது, சமைக்கத் தெரியவில்லை, சிக்கனம் தெரியவில்லை, கணவன்மார் குடித்து அழிக்கிறார்கள் என்பதுதான் மேல்தட்டில் புழங்கிய விளக்கம்.

பெண்கள் குழு அந்த விளக்கத்தை நேரில் போய்ச் சோதித்துப் பார்த்தது. 1909 முதல் நான்கு ஆண்டுகள் தெற்கு லண்டனின் லாம்பெத் பகுதியில் வாரந்தோறும் வீடு வீடாகப் போனார்கள். தேர்ந்தெடுத்தது பரம ஏழைகளை அல்ல. வாரம் 18 முதல் 30 ஷில்லிங் வரை கூலி வாங்குகிற, வேலைக்கு ஒழுங்காகப் போகிற ஆண்களின் குடும்பங்கள். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, வாரத்துக்குச் சுமார் ஒரு பவுண்டில் குடும்பம் நடத்துகிறவர்கள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்குப் பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, சத்துணவுக்காக வாரம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் கேட்டது ஒன்றுதான்: வீட்டில் செலவாகும் ஒவ்வொரு பென்னியையும் எழுதிவைக்க வேண்டும். எழுதத் தெரியாத வீடுகளில் கணவனோ மூத்த பிள்ளையோ எழுதினார்கள். எழுத்துப் பிழை மலிந்த அந்த நோட்டுகளை இவர்கள் வரி வரியாகப் படித்தார்கள்.

கஞ்சிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ரொட்டியையே தின்னக் கொடுக்கிறீர்களே, காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் மலிவு, சத்தும் கூட என்று அந்த வீடுகளுக்குப் போகிறவர்கள் அறிவுரை சொல்வது வழக்கம். இவர்களும் அதையேதான் சொல்லிப் பார்த்தார்கள். தாய்மார்கள் பொறுமையாக விளக்கினார்கள். இருப்பது ஒரே பாத்திரம், அதில் நேற்று மீனோ குழம்போ வெந்திருக்கும், அந்த வாடை போகாது. கஞ்சிக்கு நேரமும் எரிபொருளும் வேண்டும், பக்கத்தில் நின்று கிளற வேண்டும். காலை நேரத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது நடக்காது. பாலும் சர்க்கரையும் இல்லாமல் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் குமட்டுகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்தால் ரொட்டியைவிடச் செலவு. ரொட்டிக்கோ பாத்திரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம், பிள்ளை கையில் வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடும். அறிவுரை சொல்லப் போனவர்கள் தாங்கள்தான் பாடம் கற்றோம் என்பதை மறைக்காமல் எழுதினார்கள்.

நிலக்கரி விஷயமும் இப்படித்தான். மொத்தமாக வாங்கினால் மலிவு. ஆனால் ஒற்றை அறை வீட்டில் மூட்டையை எங்கே வைப்பது? அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற ஏழை, எடைக்கு எடை பார்த்தால் பணக்காரனைவிட அதிக விலை கொடுக்கிறான். வாடகையிலும் அதே கதை. கூலியில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குப் போகும். குறைந்த வாடகைக்குப் போனால் இருட்டும் ஈரமும் உள்ள அறை, அப்புறம் குழந்தைக்கு நோய்.

மேல்தட்டு மக்களை மிகவும் எரிச்சல்படுத்திய செலவு, ஈமக் காப்பீடு. பிள்ளைக்குப் பாலுக்கே காசில்லாத வீட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் வாரம் ஒரு பென்னி அதற்குப் போனது. சுத்த முட்டாள்தனம் என்றார்கள். ரீவ்ஸ் அந்தப் பென்னிக்குப் பின்னால் இருந்த கணக்கைக் காட்டினார். பிள்ளை இறந்துபோவது அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் நேரக்கூடியது. காப்பீடு இல்லாத வீடு கடன் வாங்கிப் புதைக்க வேண்டும். இல்லையென்றால் பிச்சைக்காரச் சவமாக ஊர்ச் செலவில் போக வேண்டும். அந்தக் கடனை அடைக்கும் வாரங்களில் மிச்சப் பிள்ளைகளின் வயிறு காயும். அந்தப் பென்னியைக் கட்டாமல் இருக்க யாருக்கும் துணிவு வராது.

உணவுப் பங்கீட்டையும் மறைக்கவில்லை. இறைச்சி கிடைத்தால் பெரும்பங்கு உழைக்கப் போகும் கணவனுக்கு. அவன் படுத்தால் எல்லோரும் படுத்தார்கள். பிள்ளைகளுக்கு அடுத்தது. தாய்க்கு மிச்சம் இருந்தால் உண்டு.

1913-ல் ரீவ்ஸ் இதையெல்லாம் நூலாக எழுதியபோது முடிவு தெளிவாக இருந்தது. தாய்மார்களிடம் இல்லாதது அறிவு அல்ல, பணம். குறைந்தபட்சக் கூலி வேண்டும், பள்ளியில் சாப்பாடு வேண்டும், குழந்தை மருத்துவமனைகள் வேண்டும், பிள்ளை வளர்ப்பில் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். 1946-ல் பிரிட்டிஷ் அரசு குடும்பப் படி கொடுக்கத் தொடங்கியது. முதல் பிள்ளைக்கு அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். அதற்கு நேரடியாகப் போராடி வென்றவர் எலினார் ராத்போன். விலைவாசி அதற்குள் எங்கோ போய்விட்டதால் இரண்டு ஐந்து ஷில்லிங்குகளும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தக் கோரிக்கைக்கு மண்ணைப் பதப்படுத்தியதில் லாம்பெத்தின் நோட்டுகளுக்குப் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

கிடப்பில் போடப்பட்ட அறிக்கை

அதே ஆண்டுகளில் இன்னொரு முனையிலும் வேலை நடந்தது. 1834-ல் திருத்தப்பட்ட ஏழைகள் சட்டம், உதவி கேட்டு வருபவரை அவமானப்படுத்தியே விரட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. உழைக்கும் உடம்போடு உதவி கேட்டால் ஒர்க்ஹவுஸ் எனும் விடுதிக்குள் போக வேண்டும். உள்ளே போனால் குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள். அந்தச் சட்டத்தை ஆராய 1905-ல் அமைந்த ராயல் கமிஷனில் சிட்னியின் மனைவி பியாட்ரிஸ் வெப் ஓர் உறுப்பினர். 1909-ல் பெரும்பான்மையினர் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பியாட்ரிஸும் ஜார்ஜ் லான்ஸ்பரியும் உட்பட நான்கு பேர் தனியாக ஒரு மாற்று அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

ஏழைகள் என்று ஒரே கூட்டமாகக் கட்டி வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். நோயாளியைச் சுகாதாரத் துறை பார்க்கட்டும், பிள்ளையைக் கல்வித் துறை பார்க்கட்டும், முதியவருக்கு ஓய்வூதியம் போகட்டும், வேலையில்லாமையை நாடளவில் ஓர் அமைச்சகம் கையாளட்டும். வறுமை வந்தபின் தர்மம் போடுவதைவிட வறுமைக்குப் போகும் வழிகளை அடைப்பதே அரசின் வேலை.

அரசு அதைக் கிடப்பில் போட்டது. வெப் தம்பதியர் மலிவுப் பதிப்பு அச்சிட்டு, நாடெங்கும் கூட்டம் போட்டு, ஒரு பெரும் பிரச்சாரம் நடத்தினார்கள். அந்தப் பிரச்சாரத்தில் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்யும் செயலராகக் கொஞ்சகாலம் வேலை பார்த்த இளைஞர் கிளமென்ட் அட்லி. ஆய்வுக்கு உதவியவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். 1911-ல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் இவர்களின் பிரச்சாரம் வலுவிழந்தது. வெப்கள் அந்தக் காப்பீட்டை எதிர்த்தார்கள். அதில் காலம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை.

அந்த அறிக்கையைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடும் ஒரு பகுதியும் உண்டு. வேலை செய்ய மறுப்பவர்களைத் தடுப்புக் குடியிருப்புகளில் அடைத்துத் திருத்தலாம் என்றும் அது பரிந்துரைத்தது. ஏழையின் நன்மை ஏழையைவிட நிபுணருக்கே நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் வெப்களின் சிந்தனையில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. லாம்பெத்தின் பெண்கள் கற்றுக்கொண்ட பாடத்துக்கு இது நேர் எதிர்.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 1929-ன் சட்டம் ஏழைகள் சட்டத்தின் உள்ளூர் வாரியங்களைக் கலைத்தது. 1942-ல் சமூகக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுத்த பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. 1945-ல் அட்லி பிரதமரானார். 1948-ன் தேசிய உதவிச் சட்டம், நடப்பிலுள்ள ஏழைகள் சட்டம் இனி செல்லாது என்று முதல் பிரிவிலேயே சொன்னது. மாற்று அறிக்கைக்கும் அந்த வரிக்கும் நடுவே 39 ஆண்டுகள். அந்த வரி சட்டமானபோது வெப்கள் இருவரும் உயிரோடு இல்லை. மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு நிதி கொடுத்து, என்ன சாதித்தீர்கள் என்று கேட்கும் கொடையாளர்கள் இந்த 39 ஆண்டை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மாஸ்கோ

1932-ல் எழுபதைக் கடந்த வெப் தம்பதியர் சோவியத் ஒன்றியத்துக்குப் போனார்கள். அதிகாரிகள் வரவேற்றார்கள், நிறுவனங்களைச் சுற்றிக்காட்டினார்கள், ஆவணங்களை அள்ளிக் கொடுத்தார்கள். 1935-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூல் ஒன்று வந்தது. சோவியத் கம்யூனிசம் ஒரு புதிய நாகரிகமா என்று அதன் தலைப்பில் கேள்விக்குறி இருந்தது. 1937 பதிப்பில், ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த வேளையில், அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் போய்வந்த காலத்தை ஒட்டி, 1932-33-ல்தான் உக்ரைனிலும் பிற தானியப் பகுதிகளிலும் பல பத்து லட்சம் பேர் பட்டினியால் செத்தார்கள். தகவல் எட்டவில்லை என்று சொல்ல வழியில்லை. பியாட்ரிஸின் சகோதரி மகளை மணந்திருந்த பத்திரிகையாளர் மால்கம் மக்கரிட்ஜ் 1933 மார்ச்சில் மான்செஸ்டர் கார்டியனுக்கு அந்தப் பஞ்சத்தை நேரில் பார்த்து எழுதினார். குடும்பத்துக்குள்ளிருந்தே வந்த சாட்சியம் அது. வெப்கள் அதை ஏற்கவில்லை.

விழுமியம் மாறிவிட்டதா? இல்லை. வறுமையை ஒழிக்க வேண்டும் என்று அப்போதும் மனதார விரும்பினார்கள். உழைப்பு குறைந்ததா? ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறார்கள். முறையும் பழையதே: அரசு ஆவணங்களை எடு, அடுக்கு, முடிவு சொல். 1887-ல் அந்த முறை வேலை செய்ததற்குக் காரணம், பிரிட்டனின் எண்களைக் கேள்வி கேட்க நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் எதிர்க்கருத்துள்ள அறிஞர்களும் இருந்தார்கள். சோவியத் எண்களைக் கேள்வி கேட்டவர் சிறைக்குப் போனார். லாம்பெத்தின் தாயால், நீங்கள் சொல்லும் கஞ்சி என் வீட்டில் வேகாது என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. உக்ரைன் விவசாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதுதான். ஆய்வுக்கு உள்ளாகிறவர் ஆய்வாளரை மறுத்துப் பேச முடிகிற இடத்தில் மட்டுமே ஒரு முற்போக்கு அமைப்பின் விழுமியங்கள் உயிரோடு இருக்கும். பேரரசு பற்றி 1900-ல் சங்கம் வெளியிட்ட ஏகாதிபத்தியச் சார்புள்ள பிரசுரத்திலும், முன்னோடிகள் சிலர் தகுதியானவர்கள் என்று கருதப்பட்டவர்கள் மட்டும் பிள்ளை பெற்றுப் பெருக வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையில் காட்டிய ஈடுபாட்டிலும் இதே குறைதான். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்கள் அந்த அறையில் இல்லை.

1939-ன் விதி, அதன் பிறகு

சோஷலிசச் சிந்தனையாளர் ஜி.டி.எச். கோல் முன்பே தொடங்கியிருந்த புதிய ஃபேபியன் ஆய்வகம் 1939-ல் சங்கத்தோடு இணைந்தபோது ஒரு விதி வந்தது. அரசியல் கருத்துச் சொல்லும் எந்தத் தீர்மானத்தையும் சங்கத்தின் பெயரில் நிறைவேற்றக் கூடாது. வெளியீடு ஒவ்வொன்றும் எழுதியவரின் கருத்து. சங்கம் பொறுப்பேற்பது அது வெளியிடத் தக்கது என்பதற்கு மட்டுமே. 1900-ல் லேபர் கட்சியின் முன்னோடிக் குழுவை அமைத்ததிலேயே பங்குகொண்டு, இன்றுவரை அக்கட்சியோடு இணைந்திருக்கிற சங்கம் இது. கட்சிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவர்கள் தங்கள் வாயைத் தாங்களே கட்டிக்கொண்டது, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மறுத்து எழுத இடம் விட்டது. நெருக்கடி நேரத்தில் சங்கமாக நிலைப்பாடு எடுக்க முடியாது என்பது அதன் விலை. கொடுக்கத் தக்க விலை என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் மறுப்பதற்குத்தான் அந்த விதி உதவும். வெளியே இருக்கும் தாயை உள்ளே கொண்டுவர அது போதாது.

அதற்கு வேறு வேலை தேவைப்பட்டது, பிரிட்டனில் அது வேறு அமைப்புகளின் கையால் நடந்தது. ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளையின் நிதியோடு தொடங்கி, லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 முதல் குறைந்தபட்ச வருமானத் தரம் என்ற கணக்கை வெளியிட்டு வருகிறார்கள். கண்ணியமாக வாழ என்னென்ன வேண்டும் என்பதை அங்கே நிபுணர் முடிவுசெய்வதில்லை. வெவ்வேறு வருமானமுள்ள சாதாரண மக்கள் குழுக்களாக உட்கார்ந்து, உடுப்பு, பாத்திரம், பயணம், பிள்ளையின் பிறந்தநாள் பரிசு என்று ஒவ்வொன்றாக வாதாடிப் பட்டியல் போடுகிறார்கள். அது தேவையில்லை என்று ஒருவர் சொல்ல, என் பிள்ளைக்குத் தேவை என்று இன்னொருவர் மறுக்க, ஒத்துவரும்வரை பேச்சு ஓடும். சத்துணவு வல்லுநர் போன்றவர்கள் பட்டியலைச் சரிபார்ப்பார்கள். மாற்றம் வேண்டுமென்றால் அது மறுபடி மக்கள் குழுவிடம் போகும். அந்தப் பட்டியலின் விலையை அடிப்படையாக வைத்து ரெசல்யூஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு வாழ்வூதியத்தை, அதாவது கண்ணியமாக வாழப் போதுமான கூலியை, கணக்கிட்டு வந்திருக்கிறது. சட்டம் வற்புறுத்தாமலே ஆயிரக்கணக்கான முதலாளிகள் அந்தத் தொகையைத் தங்கள் தொழிலாளர்களுக்குக் கூலியாகக் கொடுக்கிறார்கள்.